ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் சிக்கினால் முதலில் எங்கே பார்ப்பது?

ஸ்கிரீனில் ‘பேப்பர் ஜாம்’ என்று வந்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பக்கத்துக் கதவைத் திறப்பார்கள், கண்ணில் பட்ட பேப்பரைப் பிடித்து இழுப்பார்கள். நானும் அப்படித்தான் இழுத்தேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடையில் வேலை பழகிய காலம் அது. வாசலில் ஆள் நிற்கும், டோக்கன் நேரம் போகிறது என்று யாராவது சத்தம் போடுவார், நான் பதற்றத்தில் இழுப்பேன். பாதி கையோடு வரும், மீதி உள்ளேயே நின்றுவிடும். முதலாளி ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டு, “இழுக்கறதுக்கு முன்னாடி அது எங்க நிக்குதுன்னு பாருடா” என்றார்.

அந்த ஒரு வரிக்கு மேல் இந்தத் தொழிலில் பெரிதாக எதுவும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். பேப்பரின் முன் ஓரம் எந்த இடத்தில் நின்றிருக்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த இடத்திலோ அதற்கு ஒரு படி முன்னாலோ இருக்கும். இழுத்துக் கிழித்துவிட்டால் கையில் இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

பேப்பர் போகும் பாதை

பாதை தெரியாமல் நின்ற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ட்ரேயில் உள்ள கட்டின் மேல்தாளை ஒரு சின்ன ரப்பர் ரோலர் தொட்டு முன்னே தள்ளும். இது பிக்அப் ரோலர். அடுத்து மேலும் கீழுமாக இரண்டு ரோலர்கள் இருக்கும். மேலே உள்ள ஃபீட் ரோலர் பேப்பரை முன்னால் கொண்டுபோகும். கீழே உள்ள செப்பரேஷன் ரோலர் பின்பக்கமாகச் சுழலப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தாள் மட்டும் வந்தால் கீழ் ரோலர் விட்டுக்கொடுத்து அதோடு சேர்ந்து உருண்டுவிடும். இரண்டு தாள் சேர்ந்து நுழைந்தால், தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடிப்பு குறைவு என்பதால், அடித்தாளைத் திருப்பி அனுப்பிவிடும். சின்ன மிஷின்களில் கீழ் ரோலருக்குப் பதிலாக ரப்பரோ கார்க்கோ ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். அதைச் செப்பரேஷன் பேட் என்பார்கள்.

பிறகு ரெஜிஸ்ட்ரேஷன் ரோலர். பேப்பர் வந்து சேரும்போது இந்த ரோலர் சுற்றாமல் நிற்கும். பேப்பர் அதில் முட்டி லேசாக வளைந்து, கோணல் இருந்தால் நேராகிக்கொள்ளும். தாளில் பதியவேண்டிய படம் உருவாகும் உருளைதான் டிரம். அதில் படம் தயாராகும் நேரத்துக்குச் சரியாக ரோலர் சுற்றத் தொடங்கி பேப்பரை உள்ளே அனுப்பும். டிரம்மைக் கடக்கும்போது டோனர் தூள் தாளில் ஏறும். அடுத்து ஃபியூசர், அங்கே சூடும் அழுத்தமும் தூளை உருக்கித் தாளில் பதிக்கும். அப்புறம் வெளியே. இரண்டு பக்கமும் பிரிண்ட் கேட்டிருந்தால், வெளியே வரப்போகிற தாளை மிஷின் திருப்பி உள்ளே இழுத்து இன்னொரு சுற்று அனுப்பும்.

வழி நெடுக ஆங்காங்கே சென்சார் உண்டு. பெரும்பாலும் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். பேப்பர் பட்டால் சாயும், போனதும் நிமிரும். இந்த நாக்கு எந்த நேரத்தில் சாய்ந்தது, எவ்வளவு நேரம் சாய்ந்திருந்தது என்று மட்டும்தான் மிஷினுக்குத் தெரியும். வரவேண்டிய நேரத்துக்கு வராவிட்டாலும் ஜாம், போகவேண்டிய நேரத்தில் போகாவிட்டாலும் ஜாம். பேப்பர் உள்ளே சுத்தமாக, ஒரு மடிப்புகூட இல்லாமல் நின்றிருக்கும்போதும் ஜாம் என்று காட்டுவது இதனால்தான்.

இதிலிருந்தே ஒரு விஷயம் புரிந்துவிடும். ட்ரேயில் லீகல் பேப்பரை வைத்துவிட்டு, செட்டிங்கில் ஏ4 என்றே விட்டால் என்ன ஆகும்? ஏ4 நீளம் 297 மில்லிமீட்டர், லீகல் சுமார் 356. மிஷின் எதிர்பார்த்ததைவிட ஆறு சென்டிமீட்டர் கூடுதலாகப் பேப்பர் சென்சாரை அழுத்திக்கொண்டே போகும். உடனே ஜாம். ரோலரை மாற்றினாலும் இது தீராது. பத்திர வேலை நடக்கும் கடைகளில் தினம் ஒரு முறையாவது இது நடக்கும்.

எடுக்கும் முறை

1. ஸ்கிரீனில் வரும் படத்தைப் பாருங்கள். எந்தக் கதவு, எந்த இடம் என்று அதிலேயே காட்டும். ஜாம் எண் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள் அல்லது போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

2. பக்கத்துக் கதவை முதலில் திறங்கள், ட்ரேயை இழுக்காதீர்கள். பாதித் தாள் ட்ரேயிலும் பாதி ரோலருக்குள்ளும் இருக்கும்போது ட்ரேயை இழுத்தால் தாள் நடுவில் கிழியும். கிழிந்த துண்டு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

3. கை வைக்காமல் ஐந்து நொடி பாருங்கள். முன் ஓரம் எங்கே நிற்கிறது? நேராகவா, கோணலாகவா? ஒரு தாளா, இரண்டா? விசிறி மடிப்பாக நசுங்கியிருக்கிறதா?

4. பச்சை அல்லது நீல நிறத்தில் நெம்புகோலோ திருகுமுனையோ இருந்தால், அது நீங்கள் தொடலாம் என்பதற்கான அடையாளம். அதைத் தளர்த்திவிட்டு, பேப்பரை இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தையும் பிடித்து, அது போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கிழியும். எதிர்த்திசையில் பலமாக இழுத்தால் சென்சார் நாக்கு ஒடியலாம்.

5. எடுத்த தாளை மேசையில் விரித்துப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் உள்ளே தேடுங்கள். நகத்தளவு துண்டு போதும், நாள் முழுக்க ஜாம் காட்டும்.

6. தாளில் உள்ள எழுத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். தூளாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது ஃபியூசரைத் தாண்டவில்லை. கையில் ஒட்டிய டோனரைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் அப்பிக்கொள்ளும்.

7. திறந்த கதவு எல்லாவற்றையும் மூடுங்கள். பல மிஷின்களில் கதவைத் திறந்து மூடினால்தான் செய்தி அழியும்.

டிரம்மை மட்டும் தொடாதீர்கள். பளபளவென்று நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும் அந்த உருளையில் ஒரு கீறல் விழுந்தால், அது கழற்றி மாற்றும்வரை ஒவ்வொரு காப்பியிலும் வரும். வெளிச்சத்தில் நெடுநேரம் திறந்து வைப்பதும் அதற்கு ஆகாது.

எல்லா ட்ரேயிலுமா, ஒரே ட்ரேயிலா?

ஒரு முறை சிக்கினால் எடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அதே இடத்தில் மூன்றாவது முறை சிக்கினால்தான் காரணம் தேடவேண்டும். அதற்கு முதல் சோதனை மிக எளிது: வேறு ட்ரேயிலிருந்து இருபது காப்பி போடுங்கள். பைபாஸ் ட்ரே என்று, தாளைக் கையால் வைக்கும் தனித் தட்டு ஒன்று இருக்கும், அதில் வைத்து இன்னொரு இருபது.

ஒரு ட்ரேயில் மட்டும் சிக்கினால் அந்த ட்ரேயின் பேப்பர், வழிகாட்டிப் பட்டைகள், ரோலர்கள், இவற்றில் ஏதோ ஒன்று. எல்லா ட்ரேயிலிருந்தும் ஒரே இடத்தில் சிக்கினால் எல்லாப் பேப்பரும் சேர்ந்து போகும் பொதுவழியில் தேடுங்கள்: ரெஜிஸ்ட்ரேஷன், ஃபியூசர், வெளியேறும் இடம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதி மிஷினை ஒதுக்கிவிடலாம்.

முதல் சந்தேகம் பேப்பர் மேல்

ரோலரைக் குறை சொல்வதற்கு முன் பேப்பரைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், மாற்றிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதோடு, பல நேரம் குற்றவாளியும் அதுவாகவே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். உறையைப் பிரித்து இரவெல்லாம் ட்ரேயில் கிடந்த பேப்பர் காலையில் நமத்துப்போயிருக்கும். ஈரம் ஏறிய தாள் தளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டும். அது ஃபியூசருக்குள் போகும்போது ஈரம் சட்டென்று வெளியேறி, தாள் சுருண்டு, வெளிவரும் வழியில் முட்டும். அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் ட்ரேயில் வையுங்கள். மீதியை உறையோடு மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சுவர் ஓரமும் வேண்டாம், மழைக்காலச் சுவரின் ஈரம் பேப்பருக்கு வந்துவிடும்.

உறையின் பக்கவாட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். முதலில் அச்சிட வேண்டிய பக்கம் எது என்று அது காட்டும். பேப்பர் செய்யும்போதே ஒரு பக்கமாகச் சுருளும் குணம் அதற்கு வந்துவிடுகிறது. உங்கள் மிஷினின் ட்ரேயில் அச்சுப் பக்கம் மேலா கீழா என்று ஒரு காப்பி போட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வையுங்கள். சுருண்டு வந்து சிக்கினால் முதல் வைத்தியம், கட்டை அப்படியே புரட்டி வைப்பது. பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

எடை அடுத்தது. ஏ4 பேப்பரில் 70, 75, 80 ஜிஎஸ்எம் என்று கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை அத்தனை கிராம் என்று பொருள். சந்தேகமிருந்தால் மளிகைக்கடைத் தராசு போதும். உறையை எடுத்துவிட்ட 500 தாள், 75 ஜிஎஸ்எம் என்றால் ஏறக்குறைய 2.34 கிலோ, 70 என்றால் 2.18 கிலோ, 80 என்றால் 2.5 கிலோ இருக்கும். உறையில் 75 என்று போட்டு 70 எடை காட்டிய கட்டை நானே நிறுத்துப் பார்த்திருக்கிறேன். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சக்கைப் பேப்பர் மிஷினில் ஓடாது என்று சிலர் சொல்வார்கள். நான் வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த மூலப்பொருளில் செய்தது என்பதைவிட எப்படி வெட்டியிருக்கிறார்கள், எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் சிக்கலைத் தீர்மானிக்கிறது.

வெட்டு என்றதும் நினைவுக்கு வருவது, பெரிய ஷீட்டை உள்ளூர் அச்சகத்தில் வெட்டி வாங்கும் பழக்கம். கத்தி மழுங்கியிருந்தால் ஓரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், இரண்டு மூன்றாக உள்ளே போகும். கட்டை நான்கு பக்கமும் விசிறிவிட்டு வைத்தால் ஓரளவு பிரியும். அதோடு பேப்பருக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. தாளை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள், குறுக்காகவும் கிழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நாரின் திசை. காப்பியர் பேப்பரில் அது வழக்கமாக நீளவாக்கில் இருக்கும். திசை மாற்றி வெட்டிய தாள் சுலபமாகச் சுருளும்.

ஒரு பக்கம் பயன்படுத்திய தாளை மறுபடி போடுவது அலுவலகங்களில் சகஜம். சிக்கனம் நல்லதுதான், ஆனால் அந்தத் தாள் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டுச் சுருண்டது. பின் குத்திய துளை, மடித்த மூலை எல்லாம் அதில் உண்டு. உள்ளே ஒரு பின் தப்பிப்போய் டிரம்மைக் கீறினால் மிச்சம் பிடித்த காசுக்குப் பலமடங்கு போய்விடும். வேண்டுமானால் அதைக் கணக்கு எழுதப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, ட்ரேயின் உள்பக்கம் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்கு மேல் பேப்பர் போகக்கூடாது. பக்கவாட்டுப் பட்டைகள் தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும். ஏ4 அகலம் 210, லீகல் 216. இந்த 6 மில்லிமீட்டர் வித்தியாசத்தை மறந்து, லீகலுக்கு நகர்த்திய பட்டையை அப்படியே விட்டு ஏ4 வைத்தால் காப்பி கோணலாக வரும். இறுக்கி வைத்தால் தாள் வில்லாக வளைந்து ரோலருக்குப் பிடி கிடைக்காது.

பேப்பரை எடுக்கவே மாட்டேன் என்கிறது

புதுப் பேப்பர் போட்டும், முன் ஓரம் ட்ரேயிலேயே நிற்கிறதா? மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது, தாள் நகரவில்லை. ரோலர்தான். ட்ரேயை முழுசாக எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ரோலர் மங்கலாக, தொட்டால் லேசாகப் பிடிக்கிற மாதிரி இருக்கும். தேய்ந்தது பளபளக்கும், அல்லது பேப்பர் தூசி படிந்து வெள்ளை பூத்திருக்கும்.

மிஷினை அணைத்துவிட்டு, நூல் உதிராத பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிற அழுக்கு வருவது நிற்கும்வரை துடைக்கவேண்டும். போகாத பிசுக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். தின்னர், பெட்ரோல் கூடவே கூடாது, ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். நான் பழகிய கடையில் ரோலர் கீச்சிடுகிறது என்று ஒரு பையன் தேங்காய் எண்ணெய் விட்டான். கீச்சுச் சத்தம் நின்றது, பேப்பர் எடுப்பதும் நின்றது. அந்த வாரம் முழுக்கத் திருநீற்றுப் பட்டை மாதிரி எண்ணெய்க் கோடு விழுந்த காப்பிகள்தான்.

துடைத்தும் இரண்டு நாளில் திரும்ப வந்தால் ரோலரை மாற்றுங்கள். உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கும் வைத்தியம் ஒன்று உண்டு. அன்றைய பொழுதை ஓட்டும், அவ்வளவுதான். உரசிய ரப்பர் இன்னும் வேகமாகத் தேயும். மாற்றும்போது பிக்அப், ஃபீட், செப்பரேஷன் மூன்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. புதுசையும் பழசையும் கலந்தால் இழுவை சமமாக இருக்காது. சில ரோலர்களின் உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றும் பேரிங் இருக்கும், திருப்பி மாட்டினால் பேப்பர் போகாது. கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை. ரப்பரில் விரல் படாமல் பிளாஸ்டிக் ஓரத்தைப் பிடித்து மாட்டுங்கள்.

காலையில் நன்றாக ஓடி, மதியம் மிஷின் சூடேறியபின் மட்டும் எடுக்காமல் போனால் ரோலரைச் சுழற்றும் கிளட்ச் மேல் சந்தேகப்படலாம். அது சர்வீஸ் ஆளின் வேலை.

இரண்டு மூன்றாக இழுக்கிறது

பேப்பரை விசிறியும் இது தொடர்ந்தால் செப்பரேஷன் ரோலர் அல்லது பேட் தேய்ந்திருக்கும். கூடவே ஒரு பழக்கத்தையும் விடுங்கள்: ட்ரேயில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது அதன் மேலேயே புதுக்கட்டைச் செருகுவது. பழைய தாளும் புதிய தாளும் சந்திக்கும் இடத்தில்தான் அடிக்கடி இரட்டையாக இழுக்கும். மிச்சத்தை எடுத்து, புதியதோடு சேர்த்துத் தட்டி விசிறி வையுங்கள்.

ஃபியூசரில் விசிறி மடிப்பு

பேப்பர் டிரம்மைத் தாண்டிப் போய் மடிந்து மடிந்து நின்றால் ஃபியூசர் நுழைவிலோ வெளிவாசலிலோ தடை. அங்கே 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு இருக்கும், மிஷினை அணைத்து அரைமணி நேரமாவது ஆறவிட்டுக் கை வையுங்கள். 1959-ல் வந்த ஜெராக்ஸ் 914 மிஷினில் சிக்கிய பேப்பர் தீப்பிடிப்பது உண்டு. அதற்காகவே கம்பெனி ஒரு சின்னத் தீயணைப்பானைக் கூடக் கொடுத்து, பெயரை மட்டும் நாசூக்காக ‘ஸ்கார்ச் எலிமினேட்டர்’ என்று வைத்தது. இப்போதைய மிஷின்களில் அந்தப் பயம் இல்லை. சூடு என்னவோ கையைச் சுட இன்றும் போதும்.

கம்ப்யூட்டர் லேபிள், சாதாரண ஓஎச்பி ஷீட் எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் போன்றவை இங்கேதான் உருகி ஒட்டும். லேசர் மிஷினுக்கானது என்று போட்டிருந்தால் மட்டும் உள்ளே விடுங்கள். முத்திரைத்தாள் போலத் தடித்த தாளை, தடித்த பேப்பர் என்று செட்டிங் மாற்றி, பைபாஸில் ஒவ்வொன்றாக வையுங்கள். அதில் ஒன்று கசங்கினால் போவது இரண்டு ரூபாய் பேப்பர் இல்லை.

உள்ளே ஒன்றுமே இல்லை, ஜாம் போகவில்லை

சென்சார் நாக்கு நிமிராமல் இருக்கிறது, அல்லது ஒரு துண்டு அதன் மேல் கிடக்கிறது. டார்ச் அடித்து நாக்கைக் கண்டுபிடித்து விரல்நுனியால் லேசாகச் சாய்த்து விடுங்கள். தானாகத் துள்ளி நிமிர வேண்டும். துண்டும் தூசியும் தவிர வேறென்ன இருக்கும் என்று கேட்டால், ஒருமுறை நான் எடுத்தது பல்லிக்குட்டி. இரவில் சூடு தேடி உள்ளே போய்விடும்.

மேலே உள்ள ஃபீடர்

ஒரிஜினலை இழுக்கும் ஏடிஎஃப் பகுதியிலும் அதே பிக்அப், அதே செப்பரேஷன்தான். துடைக்கும் முறையும் அதேதான். வேறுபாடு, இங்கே வருவது மக்களின் காகிதம்: பின், கிளிப், ஈரமான பசை, காயாத ஒயிட்னர், மடித்து மடித்து நைந்த பட்டா. நைந்ததையும் பழைய பத்திரத்தையும் ஃபீடரில் போடவே போடாதீர்கள், கண்ணாடி மேல் வைத்து எடுங்கள். காப்பியைத் திரும்பப் போடலாம், ஒருவருடைய மூலப்பத்திரத்தைக் கிழித்தால் பதில் சொல்ல முடியாது.

சர்வீஸுக்குப் போன் செய்யும்போது

“சார், ஜாம் ஆகுது” என்றால் அவர் வெறும் ஸ்க்ரூடிரைவரோடு வருவார். ஜாம் எண், எந்த ட்ரே, முன் ஓரம் எங்கே நிற்கிறது, ஒரு பக்கமா இரண்டு பக்கப் பிரிண்டிலா, எத்தனை காப்பிக்கு ஒருமுறை, ரோலர் கடைசியாக மாற்றியபோது கவுன்ட்டர் (மொத்தம் ஓடிய காப்பிக் கணக்கு) எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சொல்லுங்கள். என்ன பார்ட் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். இதற்காக மிஷின் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பேனாவையும் கட்டித்தான் வைக்கவேண்டும், இல்லையென்றால் ஃபாரம் நிரப்ப வந்தவர் கொண்டுபோய்விடுவார்.